வாசலில் பால்போத்தல், தெருவில் கரிக்குவியல்: அந்தக் காலத்து இங்கிலாந்து உண்மையிலேயே அப்படியா இருந்தது?

கேள்வி (வாசகர் ஒருவர்), 9 ஜனவரி 2023

முகநூலில் இங்கிலாந்தின் பழைய படங்கள் போடும் குழுக்களைப் பார்த்திருப்பீர்கள். வாசல்படியில் பால்போத்தல், பேப்பரில் சுற்றிய சிப்ஸ், சிவப்பு ரெலிபோன் பெட்டி, தெருவுக்குக் குறுக்கே உடுப்புக் கொடி. கீழே ஆயிரம் பேர் "அந்தக் காலம் போல வருமா" என்கிறார்கள். நான் லண்டன் ஹரோவில் பிறந்தவன். எனக்கு ஒரு சந்தேகம். அது உண்மையிலேயே நல்ல காலமா, இல்லை "நீங்களெல்லாம் வாறதுக்கு முந்தி நல்லா இருந்தது" என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்களா? 70களில் அங்கே சின்ன ஊர்களில் இருந்த தமிழர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

9 ஜனவரி, இரவு 10.15

இருந்தேன். 1971 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம். எனக்கு ஆறு வயது, அக்காவுக்கு ஒன்பது. அப்பாவுக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. ஊர் ஒசெற். யோர்க்சயரில், வேக்ஃபீல்டுக்கும் டியூஸ்பரிக்கும் நடுவில். ரயில்கூட இல்லை, நாங்கள் வருவதற்கு ஏழு வருசம் முன்னமே, 1964இல், நிலையத்தை மூடிவிட்டார்கள். 1979இல் லண்டனுக்கு மாறும் வரைக்கும் ஒரே தெரு, ஒரே வீடு.

அந்தப் பால்போத்தல் படத்தைப் பற்றி மட்டும் இப்போது. விடிய ஐந்து மணிக்குப் பற்றரி வண்டியில் பால்காரர் வருவார். வண்டிக்குச் சத்தம் இல்லை, போத்தல்கள்தான் கிணுகிணுக்கும். வெள்ளி மூடி சாதாரணப் பால், தங்க மூடி ஆடை கூடினது. நாங்கள் எழும்ப முன்னமே நீலச் சிட்டுகள் எழும்பிவிடும். மூடியைக் கொத்தி ஓட்டை போட்டு, மேலே திரண்ட ஆடையைக் குடித்துவிட்டுப் போய்விடும். பால்காரர் போத்தலுக்கு மேல் கவிழ்த்து வைக்க எதிர்வீட்டு மனுசி இரண்டு பழைய கோப்பை வெளியே வைப்பா. அம்மா வைத்தது இரண்டு சிரட்டை. சிரட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், அது பெரிய கதை, பிறகு வருகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: அந்தப் படங்களில் நாங்களும் இருக்கிறோம். படம் எடுத்தவனுக்குத்தான் தெரியவில்லை.

9 ஜனவரி, இரவு 11.40

படுக்கப் போய்த் திரும்பி வந்தேன். பால் என்றதும் பள்ளிக்கூடப் பால் ஞாபகம் வந்துவிட்டது. மூன்றில் ஒரு பைந்து கொள்ளும் குட்டிப் போத்தல், ஆளுக்கு ஒன்று, இலவசம். குளிர்காலத்தில் உறைந்து ஆடை மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். இளக வைக்கிறேன் என்று ரீச்சர் பெட்டியோடு கொண்டுபோய்ச் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைப்பா. பதினொரு மணிக்கு இளஞ்சூட்டில் ஒரு குடல்பிரட்டல். இதைக் குடிக்காமல் தப்பவே வழியில்லை என்றிருந்தபோது காப்பாற்றியவர் மார்கரெட் தாட்சர். அப்போது கல்வி அமைச்சர். 1971இல் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்தினார். "பால் பறித்தவள்" என்று நாடு முழுக்கத் திட்டியது. அந்த மனுசிக்கு நான் நன்றி சொன்ன ஒரே விசயம் அதுதான்.

10 ஜனவரி, மாலை 6.30

சிப்ஸ். இதை எழுதாமல் விட்டால் பாவம் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. விரதம். அந்த ஊருக்கும் வெள்ளிக்கிழமை ஒருவிதத்தில் விரதம்தான். கிறிஸ்தவர்கள் இறைச்சியை விட்டு மீன் தின்கிற நாள். ஆக, வெள்ளி பின்னேரம் முழுத் தெருவும் சிப்ஸ் கடை வரிசையில் நிற்கும், நாங்களும் நிற்போம். அவர்களுக்கு மீனும் சிப்ஸும். எங்களுக்குச் சிப்ஸ் மட்டும், ஏனென்றால் உருளைக்கிழங்கு மரக்கறி. அம்மா வேலையால் களைத்து வருகிற நாள். அந்தக் கிழமையில் அவ அடுப்பு மூட்டாத ஒரே இரவு.

உப்பும் வினிகரும் போட்டு, வெள்ளைத்தாளில் வைத்து, மேலே பழைய பேப்பர் சுற்றித் தருவார்கள். "ஸ்கிராப்ஸ்" கேட்டால் பொரிந்த மாத்துணுக்குகளை ஒரு கரண்டி அள்ளிச் சும்மா போடுவார்கள். பூந்தி மாதிரி. மாவும் மரக்கறி என்று அம்மாவுக்குச் சந்தோசம்.

விசயம் என்னவென்றால், யோர்க்சயரில் சிப்ஸ் பொரிப்பது எண்ணெயில் இல்லை. மாட்டுக்கொழுப்பில். அதுதான் அவர்களுடைய பெருமையே. தெற்கில் எண்ணெயில் பொரிப்பவர்களை நக்கல் அடிப்பார்கள். எட்டு வருசம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கைகால் கழுவி, திருநீறு பூசி, ஒரு பாட்டுப் படித்துவிட்டு, மாட்டுக்கொழுப்புச் சிப்ஸ் சாப்பிட்டிருக்கிறோம்.

அப்பாவுக்கு எப்போது தெரிந்தது என்று தெரியாது. எனக்குப் பதினேழு வயதில் ஒருநாள் சொன்னார். "அம்மாட்ட வாய் திறக்காத." இன்றுவரை திறக்கவில்லை. அம்மாவுக்கு இப்போது 86. தயவுசெய்து யாரும் இதைப் பகிராதீர்கள், அவவும் வட்ஸப்பில் இருக்கிறா.

11 ஜனவரி, இரவு 9.00

கரி. எங்கள் தெருவில் பாதி வீடு சுரங்க வேலைக்காரர். அவர்களுக்குச் சம்பளத்தோடு கரியும் உண்டு. லொறி வந்து வாசலுக்கு நேரே நடைபாதையில் ஒரு குன்றுபோலக் கொட்டிவிட்டுப் போகும். பிறகு வீட்டுக்காரர் வாளியும் சவளுமாக நிலவறைக்குள் தள்ளவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் எல்லோரும் கை கொடுப்போம். கூலி, ஒரு துண்டு ரொபி. கறுத்துப்போய் வீட்டுக்குள் வந்தால் அம்மா, "உனக்கு இனிக் கறுக்கவும் இடமிருக்கே?" என்பா.

1974 தொடக்கத்தில் சுரங்கக்காரர் வேலைநிறுத்தம். நாடு முழுக்கக் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. மின்சாரம் முறைவைத்து வெட்டுவார்கள், எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்கு என்று பேப்பரில் அட்டவணை வரும். நாங்கள் மெழுகுதிரியில் இருந்து கதை சொல்வோம். எங்களுக்குப் பெரிய கஷ்டமாகவே தெரியவில்லை. அரிக்கன் லாம்பில் இருந்து வந்த சனத்துக்கு மெழுகுதிரி என்ன புதுசு?

12 ஜனவரி, காலை 7.50

திருத்தம். அக்கா இரவே மெசேஜ் போட்டுவிட்டா. நான் இரண்டு வேலைநிறுத்தத்தைக் குழப்பிவிட்டேன். வீடுகளுக்கு முறைவைத்து மின்வெட்டு வந்தது 1972 பெப்ரவரியில். நாங்கள் வந்த முதல் குளிர்காலம். எனக்கு ஆறரை வயது, ஞாபகம் நழுவ நியாயம் இருக்கிறது. மூன்று நாள் வேலை 1974 ஜனவரி முதல் மார்ச் வரை. அந்தக் குளிர்காலத்தில் எங்களை உறுத்தியது வேறு: ரி.வி.யை இரவு 10.30க்கு நிறுத்திவிட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. அப்பாவுக்குச் சரியான கோபம். இருந்ததே மூன்று சனல்.

அந்த மெழுகுதிரி இரவுகள் இரண்டு முறை நடந்தது போலத்தான் இப்போதும் இருக்கிறது. அக்கா ஒரு முறைதான் என்கிறா. அவவுக்குக் கணக்குச் சரி.

12 ஜனவரி, இரவு 8.10

மேலே ஒருவர் "அந்த ஊர்ப் பேச்சு விளங்கினதா" என்று கேட்டிருக்கிறார். விளங்கவில்லை. அப்பா ஊரில் ஆங்கிலத்தில் டிஸ்டிங்ஷன். இங்கே பஸ்ஸில் ஏறின முதல் நாள் கொண்டக்டர், மீசை வைத்த ஆம்பிளை, "எங்க போறீங்க, லவ்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா பயந்து இரண்டு தரிப்புக்கு முன்னமே இறங்கி நடந்து வந்தார். மேற்கு யோர்க்சயரில் ஆணும் ஆணை "லவ்" என்றுதான் கூப்பிடுவான், அதில் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் மீன்காரன் "என்ன ராசா வேணும்" என்பதில்லையா, அதுதான்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் வித்தியாசம் இல்லை என்று நமக்குப் படிப்பித்தார்கள். பொய். கிழவர்கள் பேசும்போது "தா" என்று ஒன்று உண்டு. பழைய "தௌ"தான் தேய்ந்து கிடக்கிறது. சிநேகிதனுக்கும் பிள்ளைக்கும் "தா", மரியாதைக்கு "யூ". நான் ஒருநாள் எதிர்வீட்டுத் தாத்தாவை "தா" என்று சொல்லிவிட்டேன். தெருவே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது சிரிக்காதது அப்பா மட்டும். "பெரியாக்களை நீ எண்டு கதைச்சனியே?" என்று ஒரு குட்டு.

இரண்டு வீட்டுக்கு நடுவில் போகிற ஒடுக்கமான பாதைக்கு "கினல்" என்பார்கள். வேறு தமிழர் யாருக்காவது விளக்குவதென்றால் கஷ்டம், யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு சொல் போதும். ஒழுங்கை.

பிறகு, "ரீ". எதிர்வீட்டு மனுசி ஞாயிறு ஐந்து மணிக்கு ரீக்கு வரச் சொன்னா. தேத்தண்ணிதானே, பிள்ளைகள் போன இடத்தில் பறந்து விழக்கூடாது என்று அம்மா நாலு மணிக்கே சோறு தீத்திக் கொண்டுபோனா. போனால் மேசை நிறையச் சாப்பாடு! பன்றித்தொடை, ரின் சமன் மீன், பாண், பட்டர், ஊறுகாய் வெங்காயம், கடைசியில் ரின் பீச்சும் ரின் பாலும். அங்கே மத்தியானச் சாப்பாடுதான் "டின்னர்", இரவுச் சாப்பாடு "ரீ". மறுத்தால் மரியாதை இல்லை. அன்றைக்கு அப்பா இரண்டு ராச்சாப்பாடு சாப்பிட்டார்.

14 ஜனவரி, காலை 11.00

இன்று விடுமுறை. வாசல்படிக் கதையை ஆறுதலாக எழுதுகிறேன். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

எதிர்வீட்டு மனுசி (அப்போதே எழுபது இருக்கும்) விடிய எழும்பி முதல் செய்கிற வேலை வாசல்படி கழுவுவது. முழங்காலில் இருந்து, தேய்த்து, ஈரம் காய முன்னமே ஒரு கல்லால் படியின் விளிம்பில் மஞ்சள் கலந்த வெள்ளையில் கோடு இழுப்பா. அந்தக் கல்லுக்குப் பெயர் "டொங்கி ஸ்ரோன்", கழுதைக்கல். கல்தூளும் சீமெந்தும் வெளுக்கும் பொடியும் சேர்த்து அச்சில் வார்த்தது. தெருவில் முந்தி எல்லாரும் செய்வார்களாம். நாங்கள் வந்தபோது மிஞ்சியது அவவும் இன்னும் இரண்டு கிழவிகளும். படி அழுக்கென்றால் வீட்டுக்காரி சரியில்லை என்று பேச்சு.

வந்த இரண்டாம் நாள் அம்மா இதை யன்னலால் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டா. "இஞ்ச வந்து பாருங்கோ, வெள்ளைக்காரி கோலம் போடுறாள்." வெள்ளைக்காரி என்றால் வேலைக்காரி வைத்திருப்பாள் என்ற நினைப்பில் வந்தவ அம்மா. அன்றைக்கே பாதிப் பயம் போய்விட்டதாம்.

அந்தக் கல் கடையில் வாங்குவதில்லை. குதிரை வண்டியில் பழந்துணிக்காரன் வருவான். தொண்டை கிழிய ஏதோ கத்துவான், ஒரு சொல்லும் விளங்காது. கிழிந்த கம்பளி, பழைய சட்டை எல்லாம் கொடுத்தால் ஒரு கழுதைக்கல் தருவான். பிள்ளைகளுக்கு பலூன்.

அந்தத் துணி எங்கே போகிறது? எங்கள் ஊருக்கேதான். ஒசெற், பற்லி, டியூஸ்பரி மூன்றுக்கும் அதுதான் பிழைப்பு. பழைய கம்பளியைப் பல்லுச் சில்லில் போட்டுக் கிழித்து, நாராக்கி, புது நாரோடு கலந்து திரும்ப நெய்வது. அதற்குப் பெயர் "ஷொடி". 1813இல் பற்லியில் பென்ஜமின் லோ தொடங்கிவைத்தது. ஆங்கிலத்தில் தரங்கெட்ட சாமானை "ஷொடி" என்கிறார்களே, இந்தச் சொல்தான். கெட்டித் துணியில் எடுப்பதற்கு "மங்கோ" என்று பெயர். மெசினுக்குள் போகமாட்டேன் என்ற துணியைப் பார்த்து மேஸ்திரி "மன் கோ", போய்த்தான் ஆகவேண்டும், என்று கத்தினாராம், அதனால் மங்கோ. நம்பவேண்டாம், ஆனால் அங்கே எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். ஊர்ச் சின்னத்தில் லத்தீனில் எழுதியிருப்பதன் கருத்தே, உதவாததைக் கைத்திறனால் உதவ வைப்பது.

இன்னும் முடியவில்லை. கிழித்த பிறகு மிஞ்சுகிற தூசி, நெய்யவே முடியாத கழிவு, அதை வண்டி வண்டியாக வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். நல்ல தழைச்சத்து. அந்த வயலில் வளர்வது ருபாப் என்றொரு புளிப்புச் செடி. வேக்ஃபீல்ட், மோர்லி, றொத்வெல் மூன்றுக்கும் நடுவிலுள்ள முக்கோணம் அதற்குப் பேர்போனது. கிழங்கை இரண்டு வருசம் வெளியே அறுக்காமல் விட்டு, உறைபனி படவிட்டு, பிறகு பிடுங்கி இருட்டுக் கொட்டிலுக்குள் வைத்து, கரி எரித்துச் சூடாக்குவார்கள். வெளிச்சம் இல்லாததால் தண்டு வெளிறிச் சிவந்து, வாழைக்குருத்து மாதிரி மென்மையாக வரும். அறுப்பதும் மெழுகுதிரி வெளிச்சத்தில். உள்ளே போய்ச் சத்தம் போடாமல் நின்றால் மொட்டு வெடிக்கிற "டொப், டொப்" கேட்கும். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தால் கூட்டிப்போனார்கள். வாழ்க்கையில் நான் கோவில் மாதிரி உணர்ந்த முதல் வெள்ளைக்கார இடம் அந்தக் கொட்டில்தான்.

இப்போது பாருங்கள். கிழவி பழைய சட்டையைக் கொடுக்கிறா, கல் வருகிறது. சட்டை கிழிந்து துணியாகிறது. மிச்சம் ருபாப்புக்கு எருவாகிறது. ருபாப்பை அவவின் மனுசன் எங்களுக்குக் கொண்டுவந்து தருகிறார். அதை அம்மா என்ன செய்தா தெரியுமா? இலையைக் கீரை என்று நினைத்துச் சுண்டத் தொடங்கினா. தற்செயலாக உள்ளே வந்த கிழவி சட்டியோடு பறித்துக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினா. இலை நஞ்சு. தண்டுதான் சாப்பிடலாம். நல்ல புளிப்பு. பிறட்ஃபோர்ட் கடையிலிருந்து கொண்டுவந்த பழப்புளி முடிகிற நேரமெல்லாம் எங்கள் வீட்டு ரசத்துக்கு ருபாப்தான் புளி. நிறம் மட்டும் கொஞ்சம் ரோஸ்.

கழுதைக்கல் செய்த கடைசி ஆலை லங்கசயரில், ஆஷ்ரன் என்ற ஊரில். 1979இல் மூடிவிட்டார்கள். நாங்கள் வீடு மாறின அதே வருசம்.

14 ஜனவரி, பிற்பகல் 2.30

சிரட்டைக் கதை கேட்டு மூன்று பேர் நச்சரிக்கிறார்கள்.

கோடையில் ஊர்க் கொண்டாட்டம் நடக்கும். பான்ட் வாத்தியம், கேக் கடை, சீட்டுக் குலுக்கல். அதில் "கோக்கனற் ஷை" என்று ஒரு விளையாட்டு. கம்பத்தின் மேல் தேங்காய் வைத்திருப்பார்கள், பந்தால் எறிந்து விழுத்தினால் தேங்காய் உனக்கு. இங்கிலாந்துச் சனத்துக்கு அது அலங்காரச் சாமான். வென்று கொண்டுபோய் என்ன செய்வதென்று தெரியாமல் சிட்டுக்குருவிக்குக் கட்டித் தூக்குவார்கள். எங்களுக்கோ ஒரு வருசமாகப் பைக்கற் தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணியில் ஊறப்போட்டுச் சம்பல். அம்மா அந்தத் தேங்காய்களைக் கண்டதும் நின்ற நிலை! அப்பாவின் பொக்கற்றில் இருந்த சில்லறை முழுக்கப் போனது. நான் இரண்டு விழுத்தினேன். மற்றவர்கள் வென்றதையும் அம்மா கேட்டு வாங்கினா. மொத்தம் ஐந்து தேங்காய். அன்றிரவு குளிர்காயும் கரி அடுப்புக் கம்பியால் வாசல்படியில் அடித்து உடைத்தோம். நல்லவேளை, எதிர்வீட்டுப் படியில் இல்லை.

16 ஜனவரி, இரவு 9.30

அக்காவின் திருத்தம், அவ சொன்னபடியே: "விழுத்தினது நான். நீ எறிஞ்ச பந்து அந்தாளின்ர முழங்கால்ல பட்டது. அஞ்சில மூண்டு அழுகல். அம்மா குலுக்கிப் பாத்து வாங்கியும் மூண்டு அழுகல்."

சரி. சிரட்டை இரண்டு என்று முதல் நாளே எழுதியிருந்தேன், கணக்கு உதைக்கவில்லை.

அக்கா இன்னொன்றும் சொன்னா. இவ்வளவும் எழுதினவன் கக்கூசைப் பற்றி ஏன் எழுதவில்லை? அது பின்வளவில். ஊரிலும் கக்கூஸ் வளவின் கோடியில்தான், அதனால் தூரம் பிரச்சினை இல்லை. குளிர்தான். ஜனவரியில் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க உள்ளே ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கு எரியும். இரவில் போக அக்காவுக்குப் பேய்ப்பயம், நான் வெளியே நின்று பாட்டுப் பாடவேண்டும். வீட்டுக்குள்ளும் விடிய யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஐஸ் பூ விரிந்து கிடக்கும். படத்துக்கு அழகு. அதை நகத்தால் சுரண்டிவிட்டுப் பள்ளிக்கூடச் சீருடை மாற்றவேண்டும். குளிர் இல்லாத ஒரே இடம் சுடுதண்ணித் தாங்கி இருந்த அலுமாரி. அதற்குள்தான் அம்மா தோசைமாவும் தயிரும் வைப்பா. எங்கள் துவாய்கள் எல்லாம் எட்டு வருசம் புளித்த மா மணத்தன.

18 ஜனவரி, இரவு 11.10

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருக்கிறார்: "அண்ணா, நீங்கள் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தேங்காய் உடைக்கிறீர்கள்."

உண்மைதான்.

தம்பி, கினலுக்குள் என்னை மறித்த பெடியங்கள் இருந்தார்கள். என்ன சொல்லிக் கத்தினார்கள் என்பதை எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும். அம்மா வந்த புதிதில் பெரிய பொட்டு வைத்துத்தான் வேலைக்குப் போவா. பஸ் தரிப்பில் ஏதோ நடந்தது. என்ன என்று இன்றுவரை சொன்னதில்லை. அதற்குப் பிறகு வாசலில் நின்று பொட்டை அழித்துவிட்டு இறங்குவா, பின்னேரம் வந்ததும் திரும்ப வைப்பா.

கிழவியைப் பற்றி இவ்வளவு உருகி எழுதினேன். 22ஆம் இலக்க வீட்டுக்கு ஒரு பாகிஸ்தான் குடும்பம் வந்தபோது அதே கிழவி எங்கள் குசினியில் இருந்து, எங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "இந்தச் சனம் எல்லாம் வந்து தெருவைக் கெடுக்கப்போகுது" என்றா. பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, "உன்னைச் சொல்லவில்லை, லவ்" என்றா. அம்மா சிரித்தா. நான் மேசைக்குக் கீழே இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

எனக்கு அதைவிடக் கூச்சம் தருவது இது: அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு நாங்களும் போனதில்லை. நாங்கள் "நல்ல" ஆட்களாக இருந்தோம். இருக்க விரும்பினோம்.

ஆக, நீங்கள் கேட்டது சரி. அந்தப் படங்களுக்குக் கீழே எழுதுகிறவர்களில் சிலர் அதைத்தான் சொல்கிறார்கள்.

19 ஜனவரி, காலை 6.40

நேற்றிரவு எழுதியதை அழிக்கலாமோ என்று யோசித்தேன். அழிக்கவில்லை, ஒன்று சேர்க்கிறேன். அதே கிழவிதான் அம்மாவுக்கு நியுமோனியா வந்தபோது மூன்று கிழமை எங்கள் படியையும் சேர்த்துக் கழுவிக் கோடு போட்டா. கேட்காமல். இரண்டும் ஒரே ஆள். நான் இவ்வளவு வயதுக்குப் பிறகும் இந்த இரண்டையும் ஒரு கணக்கில் எழுதத் தெரியாமல் நிற்கிறேன்.

21 ஜனவரி, மாலை 4.00

சில்லறைக் கேள்விகளுக்கு ஒரே மூச்சில்.

ரெலிபோன் பெட்டி: தெரு முனையில், கைல்ஸ் கில்பேட் ஸ்கொற் வடிவமைத்த அதே 1935 மாதிரி. படத்தில் மணம் வராது, அதுதான் அதன் அதிர்ஷ்டம். ஹல் நகரம் போனால் பெட்டி வெண்ணெய் நிறம், அப்போது அவர்களுக்கு ரெலிபோன் சேவை நகரசபையினுடையதாக இருந்தது. ஊருக்குப் பேசுவது நினைத்தும் பார்க்க முடியாத செலவு. நீலக் கடிதம்தான், மூன்று பக்கமும் மடிப்புக்கு மேலும் எழுதி.

காசு: 1971 பெப்ரவரி 15இல்தான் அவர்கள் ஒரு பவுணுக்கு நூறு பென்ஸ் என்று மாறினார்கள். அதற்கு முன் 240. கிழவர்கள் நாங்கள் இருந்த காலம் முழுக்க ஐம்பது பென்ஸை "பத்து பொப்" (பழைய கணக்கில் பத்து ஷில்லிங்) என்றார்கள். அப்பாவுக்கு இதில் ஒரே இளக்காரம். இலங்கையில் 1872 முதலே ரூபாயும் சதமும். ஆண்டவனுக்கு அது வர இன்னும் நூறு வருசம் எடுத்தது என்பார். (ஆண்டவன் என்றது ஆட்சி செய்தவனை.)

1976 கோடை: ஆம், அவ்வளவு வெயில்தான். புல் வைக்கோலாகிவிட்டது, எங்கே பார்த்தாலும் புள்ளிவண்டு. வறட்சிக்கென்று டெனிஸ் ஹவல் என்பவரை அமைச்சராகப் போட்டார்கள், சில நாளில் மழை கொட்டியது. "இப்பிடி ஒராளை வன்னிக்கு அனுப்பலாம்" என்றார் அப்பா.

சுரங்கம்: 1984, 85 வேலைநிறுத்தத்தை லண்டனிலிருந்து ரி.வி.யில் பார்த்தேன். அந்தப் பக்கத்துச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாகப் போயின. நாட்டின் கடைசி ஆழச் சுரங்கம், கெலிங்லி, அதுவும் யோர்க்சயர்தான், 2015 டிசம்பரில் மூடியது.

27 ஜனவரி, இரவு 8.45

நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் இந்தப் பக்கத்தை அம்மாவுக்கு அனுப்பிவிட்டார்.

போன் வந்தது. குரலில் ஒன்றும் தெரியவில்லை. சுகம் விசாரித்தா, மழை பற்றிக் கேட்டா. பிறகு:

"சிப்ஸைப் பற்றி எழுதியிருக்கிறாய் போல."

நான் வாய் திறக்கவில்லை.

"முதல் நாள் கடை வாசல்லயே மணத்தில தெரிஞ்சிட்டுது. கொப்பருக்குத்தான் எனக்குத் தெரியாதெண்ட நினைப்பு. பாவம், தெரிஞ்சுகொண்டு சாப்பிடுறன் எண்டு நினைச்சா மனுசன் உடைஞ்சுபோயிருப்பார். அதால கேக்கேல்ல."

அப்போ ஏன் சாப்பிட்டீங்கள் என்றேன்.

"வெள்ளிக்கிழமையில ஒருநாள், குசினிக்குள்ள போகாமல், கையில சூடா ஒண்டை வைச்சுக்கொண்டு உங்களோட றோட்டால நடந்து வருவன். அதுக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "பொட்டுக் கதையை ஏன் எழுதினனீ" என்று கேட்டா. பதில் சொல்ல முன்னம் போனை வைத்துவிட்டா.

5 பெப்ரவரி, இரவு 7.15

நேற்று லீட்ஸில் ஒரு கலியாணம். இன்று திரும்புகிற வழியில் ஒசெற்றுக்குப் போனேன். எங்கள் வீட்டுக் கதவு பிளாஸ்ரிக். பின்வளவுக் கக்கூஸ் இருந்த இடத்தில் சைக்கிள் கொட்டில். எதிர்வீட்டுப் படியில் கோடு இல்லை, ஆனால் குனிந்து பார்த்தால் கல் நடுவில் குழிந்து தேய்ந்திருப்பது தெரிகிறது. பார்த்துக்கொண்டு நின்றபோது கதவைத் திறந்து ஒரு பெண் வந்து "என்ன வேண்டும், லவ்?" என்று கேட்டா. தலையில் முக்காடு, அச்சு அசல் யோர்க்சயர் பேச்சு. முந்தி இங்கே எதிரில் இருந்தவன் என்றேன். உள்ளே வரச் சொன்னா, நேரமில்லை என்று வந்துவிட்டேன். இப்போது யோசிக்கிறேன், போயிருக்கலாம்.

அம்மாவுக்கு ருபாப் இரண்டு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். காருக்குள் சரியான குளிர், வாடாது. ரசத்துக்குத்தான் கேட்டா. இலை வேண்டாமாம்.